குளிரும் வர்க்கப் பிரச்சனையே: இமயமலை வீடுகளும் எரிசக்திக் கொள்கையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வீட்டுவசதி என்றவுடன் சமவெளியில் வாழ்வோருக்கு நினைவுக்கு வருவது மனை, பட்டா, வாடகை, குடிநீர் ஆகியவையே. இமயமலைப் பள்ளத்தாக்குகளின் உழைக்கும் மக்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. அது வெப்பம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 15, 20 டிகிரி வரை இறங்குகிறது. கார்கில் மாவட்டத்தின் திராசில் குளிர் இதைவிடக் கடுமையானது. காஷ்மீரில் டிசம்பர் 21 அன்று தொடங்கி 40 நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்தை மக்கள் ‘சில்லாய் கலான்’ என்று அழைக்கின்றனர். அந்நாட்களில் வீடு சூடாக இருப்பது ஆடம்பரம் அல்ல, உயிர்வாழ்வதற்கான நிபந்தனை.

இந்த வெப்பத்திற்கு ஏழைகள் கொடுக்கும் விலை அதிகம். மரங்கள் அரிதான லடாக்கில் காய்ந்த சாணமும் எரிபொருளாகிறது. அடுப்பில் எரியும் சாணம் வயலுக்கு உரமாகத் திரும்புவதில்லை. அதைச் சேகரிக்கும் உழைப்பின் பெரும்பகுதி பெண்களுடையது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கான மானியத்தை ஒன்றிய அரசு படிப்படியாக வெட்டிவிட்டது. குளிர்காலத்தில் ஆறுகளின் நீர்வரத்து குறைவதால், தேவை உச்சத்தில் இருக்கும்போதே காஷ்மீரின் நீர்மின் உற்பத்தி வீழ்கிறது, மின்வெட்டு தொடர்கிறது. கதவும் சன்னலும் அடைக்கப்பட்ட அறைகளில் கரியும் எரிவாயுவும் எரிவதால், கார்பன் மோனாக்சைடு நச்சுக்குக் குடும்பங்கள் பலியாகும் செய்திகள் குளிர்காலந்தோறும் வருகின்றன.

இதற்கு இயற்கையை மட்டும் குறை கூற முடியாது. எரிபொருள் எவ்வளவு செலவாகும் என்பதைக் குளிர் மட்டுமன்றிக் கட்டடமும் தீர்மானிக்கிறது. ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். வீட்டின் கூரைப் பரப்பு 25 சதுர மீட்டர்; உள்ளே 15 டிகிரி, வெளியே மைனஸ் 15 டிகிரி என்று கொள்வோர், 30 டிகிரி வேறுபாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பக்காப்பு இல்லாத வெறும் கான்கிரீட் கூரையில், ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வேறுபாட்டிற்குச் சுமார் 4 வாட் வெப்பம் வெளியேறுகிறது. ஆக, கூரை வழியாக மட்டும் 3,000 வாட் வெப்பம் இழக்கப்படுகிறது. மூன்று ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் இரவு முழுவதும் ஓடினால், அவை வானத்தைத்தான் சூடாக்கும். அதே கூரைக்கு வெப்பக்காப்பு இட்டு 4 என்ற அளவை 1.2 ஆகக் குறைத்தால் இழப்பு 900 வாட்டாகச் சுருங்கும்.

தீர்வு அறியப்படாத ஒன்றல்ல. லடாக்கில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வெயில் உண்டு. குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்வாகச் செல்கிறது. தெற்கு நோக்கிய கண்ணாடிச் சன்னல், தடித்த மண்சுவர், கூரைக்கு வெப்பக்காப்பு ஆகியவை இணைந்தால் பகலின் வெயிலை இரவுக்குச் சேமிக்க முடியும். கருப்பு வண்ணம் பூசிய சுவரின் முன் சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தும் ‘திராம்ப் சுவர்’ முறை, லடாக்கின் பள்ளிகளிலும் வீடுகளிலும் பயன்பாட்டில் உள்ளது. லே அருகே பே கிராமத்திலுள்ள செக்மோல் கல்வி வளாகம் மண்ணையும் சூரியனையும் கொண்டே குளிர்காலத்தைக் கடந்து காட்டியிருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் வளாகத்தில் சாத்தியமானது, ஏழை விவசாயியின் வீட்டில் தானாகச் சாத்தியமாகிவிடாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது அரசின் கொள்கை.

அந்தக் கொள்கை யாருக்காக எழுதப்பட்டிருக்கிறது? எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வந்தது. குடியிருப்புகளுக்கான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018இல்தான் வந்தது. குளிர்ப்பிரதேசக் கூரைக்கு 1.2, கூரை நீங்கலான வெளிப்புற அமைப்புக்கு 1.8 என்று அது உச்சவரம்பு விதிக்கிறது. இவை பயனுள்ள அளவுகோல்கள். ஆனால் அவை 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் மனைப்பரப்பு கொண்ட குடியிருப்புத் திட்டங்களுக்கே பொருந்தும். 2022 சட்டத்திருத்தமும் 100 கிலோவாட் மின்பளு கொண்ட கட்டடங்களை அடிப்படையாக வைக்கிறது. மாநிலங்கள் விரும்பினால் அவ்வரம்பைக் குறைக்கலாம். ஓரிரு விளக்குகளும் ஒரு ஹீட்டரும் உள்ள வீடு இந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை.

மறுபுறம், ஏழைகளுக்கென அரசே நிதியளிக்கும் ஊரகப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். மலைப்பகுதிகளுக்கான உதவித்தொகை 1.30 லட்சம் ரூபாய். சமவெளியைவிட 10,000 ரூபாய் மட்டுமே அதிகம். 2016 முதல் இத்தொகை உயர்த்தப்படவில்லை. சிமெண்டும் கம்பியும் மலையேறி வந்து சேரும் செலவுக்கே போதாத இத்தொகையில், கூரைக்கும் சுவருக்கும் வெப்பக்காப்பு எங்கிருந்து வரும்? பெரிய மனைக்காரருக்கு அளவுகோல் உண்டு. அதற்கான பணமும் உண்டு. சிறிய வீட்டுக்காரருக்கு இரண்டும் இல்லை. இதுதான் இக்கொள்கையின் வர்க்க உள்ளடக்கம்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. 500 என்ற வரம்பை நீக்கி, விதியை எல்லா வீடுகளுக்கும் நீட்டிப்பது மட்டுமே தீர்வாகாது. நிதியின்றி விதிக்கப்படும் அளவுகோல் ஏழைக்கு அபராதமாகவே முடியும். கட்டட அனுமதியின் பெயரால் அது லஞ்சத்திற்கும் வழிவகுக்கும். வாடகை வீடுகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. செலவு வீட்டுக்காரருடையது, எரிபொருள் சேமிப்பு குடியிருப்போருடையது என்பதால் முதலீடு நடப்பதில்லை. நடந்தாலும் அது வாடகை உயர்வாகத் திரும்புகிறது. வீட்டுப் பிரச்சனையைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்துத் தீர்க்க முடியாது என்பதை எங்கெல்ஸ் 1872இலேயே இது குறித்த தமது கட்டுரைகளில் நிறுவினார். சுவரின் கனத்திற்கும் அந்த உண்மை பொருந்தும்.

எல்லைப்புறச் சாலைகளை அமைக்க ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்து லடாக் செல்லும் தொழிலாளர்களின் நிலை இன்னும் கொடியது. கூடாரமும் தகரக் கொட்டகையுமே அவர்களின் வீடு. அவர்களுக்குத் தகுந்த தங்குமிடம் அளிப்பது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கூறியது. அச்சட்டமே 2020 தொகுப்புச் சட்டத்திற்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

கோரிக்கைகள் இந்த நிலைமையிலிருந்தே எழ வேண்டும். முதலாவது, அரசு நிதியில் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும், தொழிலாளர் குடியிருப்புக்கும் குளிர்ப்பிரதேச அளவுகோல் பொருந்த வேண்டும். கூடுதல் செலவு முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே உள்ள வீடுகளின் கூரைகளுக்கு, கடனாக அல்லாமல், மானியமாக வெப்பக்காப்பு அளிக்க வேண்டும். மூன்றாவது, காற்றோட்டமும் புகைபோக்கியும் இந்த அளவுகோலின் பிரிக்க முடியாத பகுதியாக வேண்டும். இடுக்குகளை மட்டும் அடைத்துவிட்டு அடுப்பை அப்படியே விடுவது உயிருக்கு ஆபத்து. நான்காவது, உள்ளூர்க் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் ஊதியத்துடன் பயிற்சி அளித்து, இப்பணியை உள்ளூர் வேலைவாய்ப்பாக மாற்ற வேண்டும். ஐந்தாவது, பயன்பெறும் வீடுகளில் வாடகை உயர்வுக்கும் வெளியேற்றத்திற்கும் தடை வேண்டும்.

இவற்றை யார் முடிவு செய்வது என்பது ஜனநாயகத்தின் கேள்வி. 2019 அக்டோபர் 31 முதல் லடாக் சட்டமன்றம் இல்லாத ஒன்றிய ஆட்சிப்பகுதியாக ஆக்கப்பட்டது. தட்பவெப்பத்திற்கு ஏற்ப விதிகளைத் திருத்தும் உரிமை காகிதத்தில் இருந்தாலும், அதை விவாதித்து நிறைவேற்ற அம்மக்களுக்கு ஒரு சட்டமன்றம் இல்லை. ஆறாவது அட்டவணைக்கான லடாக் மக்களின் போராட்டமும் சூடான வீட்டிற்கான போராட்டமும் வெவ்வேறானவை அல்ல.

தோழர்களே, தெற்கே வெயிலில் தகிக்கும் தகரக்கூரையும் வடக்கே குளிரில் உறையும் கான்கிரீட் கூரையும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். குறைந்த செலவில் கட்டி, மீதிச் செலவை ஏழைகளின் உடல் மீது சுமத்துவதே அக்கொள்கை. மனுக்களிலும் தீர்மானங்களிலும் வீட்டுக்கான கோரிக்கை எழும்போதெல்லாம், அந்த வீட்டின் கூரைக்கான கேள்வியும் எழ வேண்டும்.