மேஸ்திரி நோட்டில் என்ன எழுதுவது?

மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். மறுபடி யாரைக் கூப்பிடுவது என்று பார்க்கும்போது மேஸ்திரியின் நோட்டு பேசும். அதில் "சோம்பேறி" என்றிருந்தால் அது பதிவல்ல, கோபம். எந்தத் தேதி, எந்தப் பாத்தி, என்ன காரணம் சொன்னார் என்று எழுதுங்கள். வைகாசி வெயிலில் ஒருநாளும் தவறாமல் உப்பு வாரியதையும் எழுதுங்கள். அதை யாரும் எழுதுவதில்லை!

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே பதிவேடும் சம்பளச் சீட்டும் கேட்டது. கடனை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனப்படி, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவரல்ல, வாங்கியவர். அப்படியே தொழிலாளியின் சொல்லும் நோட்டில் ஏறட்டும். படிக்கத் தெரியாதவருக்கு மேஸ்திரியல்லாத ஒருவர் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்குங்கள். நம் டிரஸ்ட் ஊழியர்களுக்கும் இனி இதே முறைதான்.