நாடிக்குள் ஒரு வலைக்குழாய்

இருதயத் தசைக்குக் குருதியை ஊட்டுவன முடியுரு நாடிகள். கொழுப்புப் படிந்து அவை ஒடுங்கியவிடத்து, மெல்லிய உலோக வலைக்குழாய் ஒன்றை உட்செலுத்தி விரித்து வைப்பது இக்கால வைத்திய முறை. அக்குழாயை ஸ்டென்ட் என்பர். 1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் அந்திரேயாஸ் குரூன்சிக் என்னும் வைத்தியர் ஒடுங்கிய நாடியைச் சிறு பலூனால் விரித்துக் காட்டினார். விரிந்த நாடி மீண்டும் சுருங்காது தாங்கி நிற்பதற்கென 1986இல் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் முதற் குழாய்கள் பொருத்தப்பெற்றன.

அடைப்பை நீக்க வந்த குழாயே அடைப்புக்கு இடமாவதும் உண்டு. கத்தி பட்ட விரலிற் குருதி உறைந்து நிற்பது உடலின் காவல். ஆனால் காவல் புரியும் குருதிச் சிறுதட்டுகளுக்கு, காயம் எது, நன்மைக்காக வைத்த உலோகம் எது என்னும் பகுத்தறிவு இல்லை. இரண்டிலும் ஒன்றுபோலவே ஒட்டித் திரள்கின்றன. 1991இல் வெளியான ஐரோப்பிய அறிக்கையொன்றின்படி, குழாய் வைக்கப்பெற்ற 105 பேருள் 25 பேருக்கு அது முற்றாக அடைபட்டது.

குற்றம் பெரும்பாலும் குழாய் முழுமையாக விரியாமையே என்பதை 1995இல் மிலான் நகர வைத்தியர் அந்தோனியோ கொலம்போவும் அவர் குழுவினரும் எடுத்துக்காட்டினர். (பெயரைக் கேட்டு மயங்கவேண்டாம், அவர் இத்தாலியர்.) நாடிச்சுவரோடு ஒட்டாது நிற்கும் கம்பியிற் குருதி தேங்கித் திரளும். நாடி சிறிதாயினும், குழாய் நீண்டதாயினும், நாடி கிளைவிடும் இடத்தில் அது அமைந்தாலும் ஆபத்து மிகும். நீரிழிவு, சிறுநீரகத் தளர்ச்சி, இருதயத்தின் வலுக்குறைவு, புகைத்தல் ஆகியனவும் அதனைக் கூட்டுவன. மாரடைப்பு வந்த வேளையிலேயே குழாய் பொருத்தப்பெற்றவரும் கூடுதலாகக் கவனிக்கப்படவேண்டியவர்.

பின்னர் மருந்து பூசிய குழாய்கள் வந்தன. அம்மருந்து, குழாயினுள் தசை வளர்ந்து வழியை மீண்டும் ஒடுக்காமற் காக்கின்றது. ஆனால் உலோகத்தை மூடவேண்டிய மென்படலம் வளர்வதையும் அதுவே தாமதப்படுத்துகின்றது. படலம் மூடும்வரை கம்பி குருதிக்கு வெளிப்பட்டே கிடக்கும். ஆகையாலேயே அஸ்பிரினும், குளோப்பிடோகிரெல் போன்ற இன்னொரு குளிசையும் சேர்த்துப் பல மாதங்கள் கொடுக்கப்படுகின்றன.

இங்கேதான் நோயாளர் தாமே வருவித்துக்கொள்ளும் ஆபத்து நுழைகின்றது. மருந்து பூசிய குழாய் பொருத்தப்பெற்ற 2,229 பேரை இத்தாலிய, ஜெர்மானிய வைத்தியர் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதத்துள் 29 பேருக்குக் குழாயிற் குருதி உறைந்தது. அவர்களுள் 13 பேர் இறந்தனர். ஆயின் குளிசைகளைக் காலத்துக்கு முன் நிறுத்தியோருள் நூற்றுக்கு 29 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். அன்றைய குழாய்களினும் இன்றையவை திருந்தியவை. எனினும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை.

நிறுத்துவதற்கு மக்கள் கூறும் காரணங்கள் எளியவை. நெஞ்சுநோ இல்லை, வயிறு எரிகின்றது, குளிசை விலை கூடியது, பல் பிடுங்கவேண்டும். வயிற்றெரிவுக்கு வேறு மருந்து உண்டு. விலை கட்டாவிட்டால் அதனை வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லலாம். குருதி கசியும் இயல்புடையோர்க்கு வைத்தியரே காலத்தைக் குறைப்பதும் உண்டு. அது அவர் கணித்துச் செய்வது. பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் எந்தக் குளிசையையும் நிறுத்தவேண்டியதில்லை. குருதியை அவ்விடத்திலேயே அழுத்தி நிறுத்தப் பல் வைத்தியர் அறிவார். ஸ்டென்ட் இருப்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டாற் போதும். அவசரமில்லாத பெரிய சத்திரசிகிச்சையாயின், இருதய வைத்தியரைக் கலந்து சில மாதம் ஒத்திவைப்பர்.