பொருள் சொல்லாமல் எழுந்திருக்காதீர்கள்



ஷிப்டு முடிந்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இந்த ஓசூர்த் திடலுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களிடமே கேட்கிறேன். புத்தர் சொன்னதற்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு? பாலி படித்தவருக்கு மட்டும்தானா?

பிக்குகளின் ஒழுங்கு விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தின் சுள்ளவக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. பிராமணக் குலத்தில் பிறந்த பிக்குகள் இருவர், அண்ணன் தம்பி, புத்தரிடம் போனார்கள். கண்ட குலத்தாரும் தத்தம் பேச்சில் ஓதி உங்கள் வாக்கைக் கெடுக்கிறார்கள், அதைச் சந்தத்தில் ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். புத்தர் கடிந்துகொண்டார். தன் மொழியிலேயே கற்கலாம் என்றார்.

யாருடைய மொழி? கற்பவருடையதா, கற்பித்தவருடையதா? ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரம் மகாவிகாரையில் அமர்ந்து உரை எழுதிய புத்தகோசர், அது புத்தர் பேசிய மாகதிதான், அதாவது பாலிதான் என்று முடித்துவிட்டார். திறந்து வைத்த கதவை ஒரு சொல்லுக்கு எழுதிய உரை சாத்திவிட்டது!

அந்தப் புத்தகோசருக்கே ஆதாரம் எது? சிங்களத்தில் இருந்த பழைய உரைகள். மக்கள் மொழி சுமந்து வந்த அறிவு பாலிக்குப் போனது. அந்தச் சிங்கள உரைகள் இன்று இல்லை. நம் சோழநாட்டுப் புத்ததத்தரும் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து பாலியில்தான் எழுதினார். பல நாட்டுப் பிக்குகளைப் பாலி இணைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஓதும் மொழி வேறு, உணரும் மொழி வேறு.

நான் பிரஸ் மெஷினில் நின்ற முதல் நாள். எச்சரிக்கைப் பலகை முழுக்க ஆங்கிலம். டைக்கு அடியில் என் கை போனபோது பக்கத்து மெஷின் பெரியவர் "செய்யி பெட்டொத்து!", கை வைக்காதே, என்று கத்தினார். இதோ, இந்த ஐந்து விரலும் அந்தத் தெலுங்குச் சொல் கொடுத்தவை. பலகைக்கு அதிகாரம் இருந்தது. பெரியவர் பேச்சில்தான் அறம் இருந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசப் பண்டிதர், 1907 முதல் தம் வார இதழில் பௌத்தத்துக்குத் தமிழிலேயே பொருள் எழுதினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர் நூல்களை அச்சிட்டுக் காத்தவர்கள் தங்கவயல் பௌத்தர்கள்.

பாலியில் ஓதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓதிய இடத்திலேயே தமிழில், தெலுங்கில், கன்னடத்தில், ஒடியாவில் பொருள் சொல்லுங்கள். கேட்பவர்களே, பொருள் கேட்காமல் இனி எழுந்திருக்காதீர்கள்!