அடுப்படிக் காற்றை அளப்போம்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் காற்றைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். "காற்று கெட்டிருப்பது டில்லியில் அல்லவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டே விட்டார். அவருக்கு விடையாக நம் மாவட்டத்துத் தண்ணீரின் கதையை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன்.

நம் கிணற்று நீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகளின் பற்களில் பழுப்பேறியது. முதியோரின் மூட்டுகள் இறுகின. நீரைச் சோதனைக்கூடத்தில் அளந்த பின்னரே அதில் புளூரைடு மிகுந்திருப்பது உறுதியாயிற்று. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது வரையறை. புளூரைடு நோயைத் தணிப்பதையே நோக்கமாகக் கொண்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013இல் திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது. அளவு தெரியாதிருந்தால் "தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு இன்னும் அந்நீரையே குடித்துக்கொண்டிருப்போம்.

காற்றுக்கும் அளவு உண்டு. அளக்கும் முறையோ நம் எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. ஒரு வெள்ளை வடிதாளை நுட்பமான தராசில் நிறுத்துக்கொள்வர். சிறு பம்பு ஒன்றால் அதன் வழியே காற்றை இழுப்பர். பிறகு தாளை மீண்டும் நிறுப்பர். கூடியுள்ள எடையே தூசியின் எடை. நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 2,880 லிட்டர், அதாவது 2.88 கன மீட்டர் காற்றாகும். தூசியின் எடையை இதனால் வகுத்தால் கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பது வந்துவிடும். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இதில் மிகக் கொடியது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள். தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருப்பதால் மூக்கு அதைத் தடுக்க வல்லதன்று. அது நுரையீரலின் அடிவரை செல்லும், குருதியோட்டத்தையும் தாக்கும். 2009இல் நம் நாடு வகுத்த வரையறையின்படி ஒரு நாள் சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 15 போதும் என்கிறது. நம் வரையறை தாராளமானது என்பதே என் கருத்து.

நாளிதழில் நாம் காணும் காற்றுத் தரக் குறியீடு 2014இல் அறிவிக்கப்பட்டது. 0 முதல் 50 வரை நன்று. 400க்கு மேல் மிகக் கடுமை. ஆனால் அந்த எண்ணைத் தரும் கருவி திறந்த வெளியிலே நிற்கிறது. நம் வீட்டு அடுப்படியை அது அறியாது.

களி கிண்டும் தாயை எண்ணிப் பாருங்கள். அடுப்பை விட்டு எழ முடியாது. விட்டால் களி அடிப்பிடிக்கும். வேலிக்காத்தான் விறகும் மல்பெரிக் குச்சியும் சோளத்தட்டையும் புகைகின்றன. மழைக்காலமாயின் ஈர விறகு. ஊதுகுழலை ஊதிவிட்டு அவள் இழுக்கும் மூச்சு, புகை மண்டிய இடத்திலிருந்தே வருகிறது. மடியில் கைக்குழந்தை வேறு.

இந்தப் புகையை அளந்தவர்கள் இருக்கிறார்கள். 1981இல் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய இந்தியத் தோழர்களும் குஜராத்துக் கிராமங்களில், சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியை மாட்டி அளந்தனர். நம் மாநிலத்தில் சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நான்கு மாவட்டங்களில் 400க்கும் மேற்பட்ட கிராமத்து வீடுகளில் அளந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். விறகு எரியும் வீடுகளில் சமைப்போர் சுவாசித்த நுண்தூசியின் நாள் சராசரி 231 மைக்ரோகிராம். சமையலில் ஈடுபடாதோருக்கு 90. இவர்கள் அளந்த துகள் 2.5ஐ விடச் சற்றுப் பெரியதையும் உள்ளடக்கியது. ஆதலால் 60 என்ற வரையறையோடு நேருக்கு நேர் ஒப்பிடுதல் முற்றிலும் பொருந்தாது. ஆயினும் ஒரே வகை வீட்டில், ஒரே கூரையின்கீழ், பெண்ணுக்கு ஒரு காற்று, ஏனையோருக்கு ஒரு காற்று என்பது தெளிவாகிறதன்றோ?

1927இல் மகாத்துக் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் நீரள்ளிப் பருகினர். காற்றை எவரும் வேலியிட்டுத் தடுக்கவில்லை எனலாம். எனினும், சன்னலுக்கு இடமில்லாத காலனி வீட்டில் சமைக்கும் தாய்க்கும், புகைபோக்கி வைத்த அடுப்படியில் சமைக்கும் தாய்க்கும் கிடைப்பது ஒரே காற்று அன்று.

வீட்டுக்குள் எழும் சமையற் புகையால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு மூச்சடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை இதனால் பெருகுகின்றன.

எரிவாயு வந்துவிட்டதே என்பீர்கள். உண்மை. 2007இல் மாநில அரசும், 2016இல் மைய அரசும் ஏழை வீடுகளுக்கு இணைப்பு வழங்கத் தொடங்கின. ஆனால் உருளை தீர்ந்தால் மறு உருளைக்குப் பணம் வேண்டும். காப்பிக்கு எரிவாயு, களிக்கும் வெந்நீருக்கும் விறகு என்றே பல வீடுகளில் நடக்கிறது. மற்றொன்றையும் மறைக்கலாகாது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு நாட்டுப் பகுதிகளில் கருவுற்ற பெண்களுக்கு எரிவாயு இலவசமாகவே வழங்கி ஆய்ந்தனர். எரிவாயு பெறாத பெண்கள் சுவாசித்த நுண்துகள் ஏறத்தாழ 70ஆக இருக்க, இவர்கள் சுவாசித்தது ஏறத்தாழ 24ஆக இருந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. புகை தீங்கற்றது என்பது இதன் பொருளன்று. கருவுற்ற பின் சில மாதங்கள் மட்டும் புகையைக் குறைத்தல் போதாதிருக்கலாம். அளவைகள் நமக்குப் பிடித்ததை மட்டும் சொல்வதில்லை. அதனாலேயே அவை நம்பத்தக்கவை.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒளிச்சிதறலால் துகளை மதிப்பிடும் சிறு கருவிகள் இன்று கிடைக்கின்றன. ஈரக் காற்றில் அவை மிகுத்துக் காட்டும்; எனவே வடிதாள் முறையில் அளக்கும் ஒரு கல்லூரியின் துணையோடு அவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அத்தகைய கருவி ஒன்றைச் சங்கம் வாங்கட்டும். நம் மாணவியர் அதனை அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில், தாய் அமர்ந்திருக்கும்போது மூக்கு இருக்கும் உயரத்தில், ஒரு நாள் முழுதும் வைக்கட்டும். எந்த விறகு, கதவு திறந்திருந்ததா, சன்னல் உண்டா, எத்தனை மணி அடுப்பு எரிந்தது என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு அந்தக் குறிப்பேட்டுடன் செல்வோம்.