எழுத்தும் எந்திரமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் யாம் கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், நம் நகருக்குப் பெயர் தந்த டாக்டர் ஏ.எஸ். ராவ் அவர்கள், 1967இல் இ.சி.ஐ.எல். நிறுவனத்தைத் தோற்றுவித்து, நம் நாட்டிலேயே கணிப்பொறி செய்ய வழிகோலியவர். அவர் பெயர் தாங்கிய இடத்தில் வாழும் நாம் இதைப் பேசுவது பொருத்தமே.

சென்ற மாதம் நம் சங்கச் சிறுவர்களுக்குச் சொல் விளையாட்டு ஒன்று நடத்தினோம். மூன்றெழுத்துச் சொல் கூற வேண்டும். விடையைச் சரிபார்க்க, எம் மகள் பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதியிருந்தாள். ஒரு சிறுமி எழுந்து, 'தமிழ்' என்றாள். 'தவறு, ஐந்தெழுத்து' என்றது எந்திரம். குழந்தை முகம் வாடி அமர்ந்தாள். எம் மகளோ எம்மை நோக்கி, "அப்பா, தமிழ் என்பதில் எத்தனை எழுத்து?" என்று வினவினாள். எந்திரத்தின் பிழையைக் காட்டிலும் அவ்வினாவே எம் நெஞ்சைச் சுட்டது. அவள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயின்றவள். தமிழெழுத்தைக் கற்பிக்காத குற்றம் எம்முடையதே.

அன்றிரவு தந்தையும் மகளும் ஒருங்கே அமர்ந்து ஆராய்ந்தோம். சொற்றொடரைத் துண்டாக்க 'ஸ்பிளிட்', ஒரு சொல்லை மாற்றி மற்றொன்றை வைக்க 'ரீபிளேஸ்', நீளத்தை எண்ண 'லென்' எனப் பல கருவிகள் அம்மொழியிலேயே அமைந்துள்ளன. ஆனால் 'லென்' எண்ணுவது நம் எழுத்தையன்று. யூனிகோடு முறையின் குறியீடுகளையே. அம்முறையில் நம் 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி இடமில்லை. 'மி' என்பது மகரமும் இகரக் குறியுமாக இரண்டு. 'ழ்' என்பது ழகரமும் புள்ளியுமாக இரண்டு. தகரம் ஒன்று. ஆக ஐந்து! அண்டை வீட்டாரின் தெலுங்குக்கும் இதே நிலைதான்.

மருந்தும் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு குறியீடும் எந்த இனம் என்று கூறும் கருவியொன்று பைத்தானுடனேயே வருகிறது. துணைக்குறிகளையும் புள்ளியையும் விலக்கி எண்ணுமாறு நிரலைத் திருத்தினோம். மூன்று என்று விடை வந்தது.

அடுத்து உறுப்பினர் பட்டியலை அகரவரிசைப்படுத்தினோம். கனகா, கலா, கவிதா என்று வந்தது. யூனிகோட்டில் னகரம் நகரத்தை அடுத்து நிற்பதே காரணம். நாம் பள்ளியில் பயின்ற வரிசையிலோ னகரம் இறுதி மெய். ஆதலால் கனகா கடைசியில் வர வேண்டும். அவ்வரிசையை யாம் சொல்ல, மகள் நிரலில் எழுதினாள். எந்திரம் அதன்படியே அடுக்கியது.

அன்பர்களே! எந்திரம் ஏவியதைச் செய்யும். எது எழுத்து, எது வரிசை என்று அதற்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் நாமே. நிரல் எழுதும் மக்கள் நம் வீடுகள்தோறும் இருக்கின்றனர். எழுத்தறிந்த பெற்றோரும் அதே வீடுகளில் இருக்கின்றனர். இருவரும் நாள்தோறும் அரைமணி நேரம் சேர்ந்து அமர்ந்தாலே போதும். இப்போது எம் இல்லத்தில் இரவுதோறும் ஒரு பாடம் நடக்கிறது. யாம் நிரல் கற்கிறோம், மகள் நெடுங்கணக்குக் கற்கிறாள்.

'தமிழ்' என்று சொன்ன அச்சிறுமிக்குச் சேர வேண்டிய பரிசு இன்று இம்மேடையில் வழங்கப்பெறுகிறது. அனைவரும் கைதட்டி அவளை வாழ்த்துமாறு வேண்டி அமைகிறோம்.