மலிவு ஸ்பேனரும் மலைச்சாலையும்

பாலிக் புலாவ் பக்கத்து இரவுச் சந்தையில் ஒருமுறை இருபது வெள்ளிக்கு நாற்பது சாமான்கள் அடங்கிய கருவிப் பெட்டி வாங்கினேன். மோட்டார் சைக்கிளின் பின்சக்கர நட்டைத் திருகியதும் ஸ்பேனரின் வாய் விரிந்தது. நட்டின் முனைகளும் மழுங்கின. பட்டறையில் கொடுத்த கூலிக்கு நல்ல ஸ்பேனர் இரண்டு வாங்கியிருக்கலாம்.

திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களைத்தான் பிடிக்கிறது. வளைய ஸ்பேனரோ ஆறு முனைகளையும் பற்றும். ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருந்தால் நல்ல எஃகு என்பார்கள். எழுத்தை யாரும் பொறிக்கலாமே! கையோடு ஒரு நட்டைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். ஆட்டம் கண்டால் வேண்டாம்.

சுத்தியல், கம்பித் தூரிகை, புனல் இவை மலிவானாலும் பாதகமில்லை. 10, 12, 14, 17 மில்லிமீட்டர் வளைய ஸ்பேனர்களை மட்டும் மாதம் ஒன்றாக, நல்லதாக வாங்குங்கள். “நாலு சாமானுக்கா இவ்வளவு காசு?” என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள்.

மழுங்கிய நட்டைச் சரியாக இறுக்க முடியாது. துன் சார்டோன் சாலையின் வளைவுகளில் நம் பிள்ளைகள் அந்த நட்டை நம்பித்தான் இறங்குகிறார்கள். சக்கரத்திலோ பிரேக்கிலோ அப்படி ஒன்று இருந்தால், நாளை வண்டியை எடுக்குமுன் மாற்றிவிடுங்கள்.