ஆளுநர் யாருடைய ஆள்?

(தெமோதரையில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கொழும்பு அரசாங்கம் நமக்குப் பாதகமான முடிவு எடுத்தால், பதுளையில் இருக்கிற ஆளுநர் அதை எதிர்க்க முடியாதா?" என்று பல தோட்டங்களில் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விளக்கமாகப் பேசுவோம்.

அமெரிக்காவில் ஆளுநர்கள் எதிர்க்கிறார்கள். 2025 ஜூன் மாதம் ஜனாதிபதி ட்ரம்ப், கலிபோர்னியா ஆளுநரின் சம்மதம் இல்லாமலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குத் தேசிய காவல் படையை அனுப்பினார். ஆளுநர் கெவின் நியூசம் வழக்குப் போட்டார். அவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவரைப் பதவியில் வைத்தது மாநில மக்களின் வாக்கு. ஜனாதிபதி அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

நம் நாட்டிலும் ஆளுநர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் வேலை வேறு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி, ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி விரும்பும் வரைதான் அந்தப் பதவி. நம் பாஷையில் சொன்னால், அவர் துரை வைத்த கணக்கப்பிள்ளை. நல்ல கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுவையில் நியாயமாக நடக்கலாம். ஆனால் பெரட்டில் நமக்காகத் துரையை எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருக்க முடியுமா? அதற்கு நாம் தெரிவு செய்த தலைவர் வேண்டும். மாகாணத்தில் அந்தத் தலைவரின் இடம் மாகாண சபைக்கு உரியது.

சபைக்கு என்ன பலம்? மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்ட விடயத்தில் கொழும்பு ஒரு சட்டம் கொண்டுவந்தால், முதலில் எல்லா மாகாண சபைகளிடமும் கருத்துக் கேட்க வேண்டும். ஒரு சபை மறுத்தாலும், அந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் செல்ல வேண்டுமானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை.

இது ஏட்டில் மட்டும் இருந்த விதி அல்ல. 2012இல் 'திவிநெகும' சட்டமூலம் வந்தது. சமுர்த்தி முதலிய அமைப்புகளைச் சேர்த்து, மாகாணங்களின் அதிகாரத்தையும் பெரும் நிதியையும் மத்திய அமைச்சு ஒன்றின் கையில் குவிக்கும் திட்டம் அது. மாகாண சபைகளிடம் கேட்காமல் நிறைவேற்ற முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. எட்டு மாகாண சபைகள் சம்மதித்தன. நம் ஊவா சபையும் அதில் ஒன்று. வட மாகாணத்தில் அப்போது தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. அங்கே ஆளுநர் சம்மதம் கொடுத்தார். அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மக்கள் தெரிவு செய்த சபையின் இடத்தில் நின்று ஆளுநர் சம்மதம் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசாங்கத்திடம் மூன்றில் இரண்டு பலம் இருந்தது. 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவும் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆகவே மாகாண சபை எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொழும்பை நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு வழி இருந்தது. அந்த வழி சபையில் இருந்தது, ஆளுநரிடம் இல்லை.

இன்று ஊவாவில் அந்தச் சபை எங்கே? 34 உறுப்பினர்களைத் தெரிவு செய்ய 2014 செப்டெம்பரில் வாக்களித்தோம். 2019 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள்; எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது; தேர்தல் அப்படியே நின்றுபோனது. தெமோதரை வளைவில் ரயில் மலையைச் சுற்றி வந்து, புறப்பட்ட நிலையத்துக்குக் கீழேயே நுழைகிற மாதிரி, இந்த விடயமும் குழுக்களைச் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. ரயிலாவது சுரங்கத்தைத் தாண்டி ஊர் போய்ச் சேருகிறது.

இதில் நமக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். சம்பளம் மாகாணத்தின் கையில் இல்லை, உண்மை. அதற்குக் கொழும்போடும் கம்பெனிகளோடும்தான் போராட வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால், சபையில் எழுந்து கேட்க நம் வாக்கில் போன ஒருவர் இருந்தார். இன்று மனுவோடு அலுவலக வாசலில் நிற்கிறோம்.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் நாம். வாக்கை மீட்க 2003 வரை சட்டத்துக்கு மேல் சட்டமாகப் போராட வேண்டியிருந்தது. அப்படி மீட்ட வாக்கைப் போடப் பெட்டி வைக்காமல் இருப்பதும் ஒரு பறிப்புத்தான்.

ஆகவே மூன்று வேலைகள். ஒன்று, பழைய விகிதாசார முறையிலேயே மாகாணத் தேர்தலை வைக்கப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். இந்தக் கோரிக்கையில் எல்லாத் தோட்டங்களிலும் கையொப்பம் வாங்குவோம். இரண்டு, 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது. 2025 மே மாதம் தெரிவான உறுப்பினர்களிடம் லயத்துப் பாதை, தண்ணீர், விளக்கு என்று எழுத்தில் கேட்போம். மூன்று, ஆளுநரிடமும் போவோம். ஆசிரியர் வெற்றிடம், மாகாண வீதி இவை இன்று அவர் பொறுப்பு. பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அவரிடம் கேட்பது நம் உரிமை. அவரை நம்பிச் சும்மா இருப்பது நமக்கு ஆகாது. நமக்காகப் பேசும் சபையை நாமே தெரிவு செய்யும் நாள் வரும் வரை, அந்தக் குரலைச் சங்கம் கொடுக்கும்.